கையில் கொக்கு தைத்திருந்த அம்மாவுக்கு

என் கோபக்கார அம்மாவுக்கு,

உன்னைவிடக் கோபக்காரியாகிவிட்ட உன் ஒரே பெண் எழுதுகிறேன். நீ போன பிறகு இந்த வீட்டில் சத்தம் போட ஓர் ஆள் வேண்டுமே என்று அந்த வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அப்பா நன்றாக இருக்கிறார். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அதுவும் நான் கத்தும்போது மட்டும் அதிகமாகிவிடுகிறது. நம் காக்ஸ் டவுன் தெருவை எதற்கோ தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். உன் தையல் மெஷின் இருந்த இடத்தில் இப்போது டெலிபோன் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், ஒன்று சொல்ல வேண்டும். நீ பட்டாளத்தில் இருந்தாய் என்பதை என்னிடம் ஏன் சொல்லவே இல்லை? இதுதான் கேட்க வேண்டியது. சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாளாக உட்காரவும் பிடிக்காமல் நிற்கவும் பிடிக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கூடத்தில் உங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்குமே, அதன் பின்பக்க அட்டையைப் பூச்சி அரித்துவிட்டது. மாற்றலாம் என்று ஆணிகளைப் பிடுங்கினேன். அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இன்னொரு படம் இருந்தது. போஸ்ட்கார்டு அளவு. அதில் நீ நிற்கிறாய். காலர் வைத்த ரவிக்கை, மார்பில் பித்தளைப் பொத்தான்கள், அதன் மேல் விறைப்பாக மடித்துக் கட்டிய பருத்திப் புடவை. மேல்கையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வட்டமான துணியில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு.

முதலில் சிரித்துவிட்டேன், அம்மா. உன் முகத்தில் அப்படி ஓர் உருட்டல். சாமான் கடையில் எடைக்கல்லை உற்றுப் பார்ப்பாயே, அதே பார்வை. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யுத்தம் நடந்தப்போ எடுத்தது" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அதற்கு மேல் எவ்வளவு நோண்டியும் பேச்சு வரவில்லை.

அன்றிலிருந்துதான் எனக்கு எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. போர்வையை நீ ஏன் பெட்டி மாதிரி மடிப்பாய்? என் ஸ்கூல் ஷூவில் முகம் தெரிகிற வரை ஏன் விடமாட்டாய்? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் வரிசையை உடைத்த ஆம்பிளைகளை ஒரே அதட்டில் பின்னால் போகவைத்தாயே, அந்தக் குரலை எங்கே கற்றாய்? கான்வென்டில் டீச்சராக இருந்ததாகச் சொன்னாய். எந்த கான்வென்ட் என்று நானும் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் நம் மாதா கோயிலில் ஒரு கல் வைக்கத் தீர்மானித்தார்கள். பங்கிலிருந்து யுத்தங்களுக்குப் போனவர்களின் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டி வாசலுக்குப் பக்கத்தில் பதிப்பதாக ஏற்பாடு. எல்லாம் ஆண்களின் பெயர்கள். கமிட்டிச் செயலாளர் லூர்துசாமி அண்ணனிடம் போய், என் அம்மா பெயரும் வர வேண்டும் என்றேன். படத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை. எந்தப் பிரிவு என்று தெரியாமல் கல்லில் எப்படி வெட்டுவது, மற்றவர்கள் மெடல், சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார். நம்மிடம் மெடலும் இல்லை, காகிதமும் இல்லை. இருந்தது அந்தக் கொக்கு ஒன்றுதான்.

அந்தக் கொக்கை வைத்துக்கொண்டு நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! பொம்மசந்திராவில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராக பிரௌசிங் சென்டர். இப்போது தெருவுக்குத் தெரு அது வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் உலகத்தில் எவரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பட்டாளத்துத் துணிச் சின்னங்களைச் சேர்ப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, தெரியுமா? சீமையில் இருக்கும் ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். இந்தியப் படையின் சின்னங்களில் புலி இருக்கிறது, பூனை இருக்கிறது, இப்படிப் பார்க்கும் கொக்கு எதுவும் தனக்குத் தெரியவில்லை என்று பதில் எழுதினார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "இப்படிப் பார்க்கும்" என்று அவர் எழுதியதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிறகு யாரோ சொல்லி, ரிச்மண்ட் டவுனில் ஒரு ரிட்டயர்டு மேஜரைத் தேடிப் போனேன். குடகுக்காரர், என்னோடு கன்னடத்தில்தான் பேசினார். சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் சின்னங்கள். படத்தை பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். அதில் இருந்தது, அம்மா, உன் கொக்கு! நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

அவர் உட்காரச் சொன்னார். புத்தகத்தில் இருக்கும் கொக்கு வலது பக்கம் பார்க்கிறது, உங்கள் அம்மா கையில் இருப்பது இடது பக்கம் பார்க்கிறது என்றார். எந்தக் கையில் தைத்தாலும் அது வலது பக்கம்தான் பார்க்குமாம், அந்தப் பிரிவுக்குத் துணி ஒரே மாதிரிதான் நெய்து வந்ததாம். இது பஜாரில் யாரோ பார்த்துத் தைத்த போலி என்றார். அதோடு விடவில்லை. உங்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையை இடது தோளில்தானே போடுவார்கள், இதில் வலது தோளில் வருகிறதே, சேட்டு வீட்டுப் பெண் வேஷம் போலிருக்கிறது, கோயிலில் நாடகம் கீடகம் போட்டார்களா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது சுட்டது.

நீ கிறிஸ்துமஸ் நாடகங்களில் நடித்தவள்தானே? அதை எப்படி இல்லை என்பேன்? அங்கேயே ஒரு சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. படத்தில் முந்தானை வலது தோளில் இருப்பதை நானும் முன்பே பார்த்திருந்தேன். பட்டாளத்தில் அப்படிக் கட்டச் சொல்லியிருப்பார்கள் என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். இப்போது அவர் சொன்னதும் அதுவே உனக்கு எதிராகத் திரும்பியது. என் அம்மா பட்டாளத்துக்காரியா, பட்டாளத்துக்காரி வேஷம் கட்டியவளா? ஆபீசில் கணக்கு ஓடவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். நாடக வேஷம் என்று மேஜர் சொல்கிறார், லூர்துசாமி அண்ணனிடமும் இனி வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். உளுந்து வடை வைத்திருந்தேன், அதையும் தொடவில்லை. அவர் வடையை விட்டுவிட்டு எழுந்து நீ பார்த்திருக்கிறாயா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உன் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முந்தானையில் ஊக்கு குத்தினேன். உன் படம் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்தது. படத்தில் இருக்கும் உன்னையும் கண்ணாடியில் தெரிந்த என்னையும் ஒன்றாகப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் முந்தானை ஒரே பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகு குனிந்து என் தோளைப் பார்த்தேன். இடது தோள். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் நிற்பவளுக்கு அது வலது தோள்.

படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பிப் பிடித்தேன். உன் முந்தானை இடது தோளுக்குப் போனது. கொக்கு வலது பக்கம் திரும்பியது.

முப்பது வருஷத்துக்கு மேல் தினம் புடவை கட்டுகிறவள் நான். என் கை அறிந்ததை நம்பாமல், புடவையைக் கட்டியே பார்க்காத ஒரு மனிதர் சொன்னதை நம்பினேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. நடுவகிடு எடுத்த தலை, மச்சம் கிச்சம் இல்லாத முகம், எந்தப் பக்கம் திருப்பினாலும் நீ நீயாகவே இருந்துவிட்டாய். அதனால்தான் பிடிபடவில்லை. அன்று பூசைக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து ரிச்மண்ட் டவுனுக்குப் போனேன், கைப்பையில் முகம் பார்க்கும் கண்ணாடி.

மேஜர் கண்ணாடியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கொக்குச் சின்னம் வெள்ளைக்காரர் காலத்து யுத்தத்தில் கிழக்கு எல்லைப் பக்கம் போன ஒரு படைப்பிரிவுடையது, பெண்கள் துணைப்படையிலிருந்து சிலரைத் தந்தி, டெலிபோன் வேலைகளுக்கு அதனோடு அனுப்பினார்கள், ஒரு கோடு என்றால் உங்கள் அம்மாவுக்குக் கீழே நாலைந்து பெண்களாவது இருந்திருப்பார்கள் என்றார். அதைக் கமிட்டிக்கு எழுதியும் கொடுத்தார். கிளம்பும்போது, ரெஜிமெண்டில் கற்ற தமிழில் ஒன்று சொன்னார்.

"இது நெகட்டிவ புரட்டிப் போட்டு எடுத்த பிரிண்ட்மா. இந்த மாதிரி தப்பா வந்தா ஸ்டூடியோல கிழிச்சிடுவாங்க, பார்ட்டிக்குக் குடுக்கவே மாட்டாங்க. யாரோ எடுத்து வச்சிருக்காங்க."

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கமர்ஷியல் தெருவில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தார் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆட்டோவில் வரும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்தேன். அப்பா முறத்தை வைத்துக்கொண்டு ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். நீ இல்லாவிட்டாலும் மார்கழியில் பிதுக்கம்பருப்புக் குழம்பு இல்லாமல் அவருக்கு ஆகாது. எதிரில் உட்கார்ந்து நானும் பிதுக்க ஆரம்பித்தேன். கொக்கு எந்தப் பக்கம் பார்க்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும், இல்லையா என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"ராங் சைடு பிரிண்ட். மொதலாளி கிழிச்சிப் போடுன்னாரு. நான் கிழிக்கல. நல்ல பிரிண்ட அவ வந்து வாங்கிட்டுப் போயிட்டா, இத சட்டைக்குள்ள வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் உன்னை அதற்கு முன் பார்த்ததே இல்லையாம். மருந்துத் தண்ணீரில் கிடந்த காகிதத்தில் நீ கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தாயாம், முதலில் பொத்தான், பிறகு கொக்கு, கடைசியில்தான் முகமாம். உன் உருட்டலைப் பார்த்துப் பயந்துபோனதாகச் சொன்னார். யுத்தம் முடிந்து நீ திரும்பி வந்தபோது கோயிலில் பார்த்தவுடனே யாரென்று தெரிந்துவிட்டதாம். ஸ்டூடியோ ரசீதில் பார்த்த பெயர் மனப்பாடமாக இருந்ததாம். கோயில் உபதேசியார் மூலமாகப் பெண் கேட்டது அதற்குப் பிறகுதான்.

எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. மாதக்கணக்கில் ஊர் சுற்றினேன், என் கண் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாரே! ஆனால் நீ ஏன் மறைத்தாய் என்பது இன்னும் விளங்கவில்லை. அதைக் கேட்டேன். முறத்தை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குத் தானும் வருவதாக அவராகவே சொன்னார். பெட்டியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கோயில் கட்டடத்தின் பின்அறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். மேஜரின் கடிதத்தை லூர்துசாமி அண்ணன் படித்தார், எல்லோரும் தலையாட்டினார்கள். பெயரைச் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை என்றார். பிறகு சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, இத்தனை வருஷம் பங்கில் ஒருவருக்குமே தெரியாமல் எப்படி இருந்தது என்று கேட்டார். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவ மறைக்கல. நான்தான் மறைக்க வச்சேன். பட்டாளத்துப் பொண்ணுன்னா எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, கான்வென்ட்ல டீச்சர்னு சொல்லிடுன்னு சொன்னேன். பேப்பர், மெடல் ரிப்பன் எல்லாத்தையும் ஹண்டே அடுப்புல போட்டா. தண்ணி காயற வரைக்கும் நான் பக்கத்துலயே நின்னேன்."

நீ தினம் விறகு வைத்து வெந்நீர் போட்ட அந்த அடுப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் நான் எத்தனை தடவை குளிர் காய்ந்திருக்கிறேன்.

உன்னிடம் இத்தனை மாதமாகக் கோபித்துக்கொண்டிருந்தேன், அம்மா. பெற்ற பெண்ணிடம் கூடச் சொல்லாத அழுத்தக்காரி என்று அப்பாவிடமே திட்டியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நீ ஒத்துக்கொண்டாயா, அழுதாயா, அந்த ரிப்பனைப் போடும்போது கை நின்றதா? ஒரு தடவையாவது என்னிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்ததா? எல்லையில் எந்த ஊரில் இருந்தாய், அங்கே மழை எப்படி, உனக்குக் கீழே இருந்த பெண்கள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? இதையெல்லாம் இனி எந்த மேஜரிடம் போய்க் கேட்பேன்?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். நீங்கள் விரும்பியது அந்த யூனிபார்ம் போட்ட பெண்ணை, முதல் காரியமாக அவள் யூனிபார்மையே ஒழித்துக்கட்டிவிட்டு, படத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டீர்களா, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் ஆமாம் என்றார். பிரேமுக்குள் வைத்து மூடியது அவர்தானாம். நீ ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆணியைக் கழற்றி எடுத்துப் பார்ப்பாராம். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. எரிக்க வச்சவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இதக் காட்டுவேன்?"

இதுதான் அம்மா, உன்னிடம் சொல்ல வேண்டியது. எல்லாம் எரிந்துபோனது என்று நினைத்துக்கொண்டேதான் நீ போயிருப்பாய். ஒன்று எரியவில்லை. நீ துடைத்துத் துடைத்து மாட்டிய அந்தக் கல்யாணப் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அவரை அணைத்துக்கொள்வதா, உன் சார்பில் நாலு வார்த்தை கேட்பதா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது ஒரு மனசு, சாயங்காலம் வேறு மனசு. மன்னிப்பதென்றால் அது நீ செய்ய வேண்டியது. உன் கணக்கில் நான் கை வைக்க மாட்டேன்.

கல்லில் பெயர் வெட்டியாகிவிட்டது. ஆண்களின் வரிசையில் நடுவில் இருக்கிறாய், பெயருக்குப் பக்கத்தில் பிரிவும் இருக்கிறது. அப்பா விரலால் தடவிப் பார்த்து எழுத்து சரியாக இருக்கிறது என்றார். கல்லைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார், கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வந்து படத்தைப் பற்றித் தானே சொல்ல வேண்டுமாம். என்ன சொல்வது என்று தனியாக உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்க்கிறார். நான் போனால் நிறுத்திவிடுகிறார்.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவரை உன் கல்லறைக்கு அழைத்து வருவேன். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு நான் கேட் பக்கம் போய் நின்றுகொள்வேன், எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்த மாட்டேன். நீயும் எனக்காக ஒன்று செய். நான் முன்கூட்டியே போட்டுக்கொடுத்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே. அவர் சொல்லும்போது இப்போதுதான் கேட்கிற மாதிரி கேள், அம்மா.

பட்டாளத்துக்காரியின் பெண்,
ஸ்டெல்லா